மிரர் இருக்கும்மா!

ராத்திரி இரண்டரை மணி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நான் பேசியது இவ்வளவுதான்: "ஒண்ணு செத்துப்போச்சு. ஸ்பேர் இருக்கு, பயப்படாதீங்க. ஆனா விடியறதுக்குள்ள இன்னொண்ணும் போச்சுன்னா அவ்வளவுதான்."

திரும்பினால் கதவருகில் அம்மா நிற்கிறாள். முகம் வெளிறிக் கிடக்கிறது.

"ஏட்டி, யாரு செத்துட்டாவ?"

செத்தது ஹார்டு டிஸ்க். சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஸ்டோரேஜ் அட்மின் வேலை எனக்கு. டேட்டா இருக்கும் பெட்டிகளையும் அவற்றை இணைக்கும் நெட்வொர்க்கையும் ராத்திரி கண்விழித்துக் காப்பது. அப்பா போன பிறகு அம்மா திருநெல்வேலியிலிருந்து என்னோடு வந்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் துறையின் வார்த்தைகளை அவள் காதால் கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, எல்லாமே சாவு வீட்டுப் பேச்சு.

ஜோடியாக ஓடும் இரண்டு சர்வர்கள், 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் ஹார்ட்பீட். நடுவில் கேபிள் அறுந்துபோனால், 'அது செத்துவிட்டது, இனி எல்லாம் என் பொறுப்பு' என்று இரண்டுமே ஒரே டேட்டாவில் கை வைக்கும். இது ஸ்பிளிட் பிரெய்ன். அந்த நேரத்தில் ஒன்றை வலுக்கட்டாயமாக அணைக்கும் ஏற்பாட்டுக்கு 'ஸ்டோனித்' என்று பெயர். அதன் விரிவைத் தமிழில் சொன்னால், 'இன்னொருத்தனைத் தலையில் சுடு'. சத்தியமாக இதுதான் பெயர்!

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சொத்துத் தகராறு மாதிரில்லா இருக்கு."

எல்லாப் பெயரும் இப்படிக் கொடூரம் இல்லை. ஒரு மெஷின் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் 'பிங்', நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலி. 1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன புரோகிராம் அது. இன்றைக்கும் என் முதல் கைவைத்தியம் அதுதான்.

ஆனால், என்னைக் கவிழ்த்தது 'மிரர்' என்ற சாதுவான வார்த்தை.

1988-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரே டிஸ்க்குக்குப் பதில், மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டலாம் என்பது யோசனை. அதற்கு 'ரெய்டு' என்று பெயர் வைத்தார்கள். அதில் 'ஐ' என்ற எழுத்து 'மலிவு' என்பதைக் குறித்தது. பிறகு அதையே 'தனித்தனி' என்று மாற்றிவிட்டார்கள். மலிவு என்று சொல்லி யாரிடம் விற்க முடியும்! இதில் ரெய்டு 1 என்பதுதான் மிரர். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம் எழுதப்படும். ஒன்று செத்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

வீட்டிலும் அப்படி இரண்டு டிஸ்க் பெட்டி ஒன்று வாங்கிவைத்தேன். அப்பா என் மகனுக்கு வாட்ஸ்அப்பில் கதை சொல்லி அனுப்பிய 17 ஒலிப்பதிவுகளை அதில் போட்டேன். "அப்பா குரல் எங்கயும் போகாதும்மா, மிரர் இருக்கு" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடம் போதவில்லை என்று பெட்டியைச் சுத்தம் செய்தேன். 'அப்பா பழையது' என்று ஒரு ஃபோல்டர். இரண்டாவது காப்பி என்று நினைத்து அழித்தேன். அது ஒன்றுதான் இருந்தது என்று தெரிந்தது, மூன்று வாரம் கழித்து அம்மா கதை கேட்கக் கேட்டபோதுதான். அலுவலகத்தில் மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிறவள், வீட்டில் ஒன்றுகூட எடுக்கவில்லை. மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர்களோடு இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினேன். அழிந்த இடத்தில் அதற்குள் மகனின் பள்ளி ஆண்டுவிழா வீடியோ உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு இடத்துல இருக்குன்னுல்லாட்டி சொன்ன?"

மிரர் என்பது பேக்கப் இல்லை, டிஸ்க் செத்தால்தான் அது காப்பாற்றும், நான் அழித்தால் அதுவும் கூடவே அழித்துவிடும் என்று விளக்கினேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் நடத்தும் பாடம் இது. தொண்டை அடைத்தது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "உங்கப்பா போனப்ப நான் பொட்ட அழிச்சேன். கண்ணாடியில இருந்தவ மட்டும் வச்சிக்கிட்டா இருந்தா? கண்ணாடின்னா அப்படித்தானட்டி."

அடுத்த நாள் அம்பாசமுத்திரம் அத்தையிடம் போனில் அழுதேன். "எனக்கும் அனுப்புவானே அண்ணன்" என்றாள். மகனுக்கு அனுப்பியதையே அவளுக்கும் ஃபார்வர்டு செய்திருக்கிறார் அப்பா. அத்தையின் போனில் 11 கிடைத்தன. ஆறு போனது போனதுதான். அதில் ஒன்று, ஆற்றில் மாடு போன கதை. அதை அப்பா போல மாட்டின் குரலில் யாரும் சொல்ல முடியாது.

மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். எங்கள் துறையில் 3-2-1 என்று சொல்வார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, தங்கச்சிக்குக் கதை அனுப்பியிருக்கிறார்.

இப்போது பெட்டியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, அத்தை வீட்டில் ஒரு பென் டிரைவ். பேக்கப் எடுத்தால் போதாது, திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ரீஸ்டோர் டெஸ்ட் என்று பெயர். ஞாயிறு சாயங்காலம் அம்மா காபியோடு உட்கார்ந்து ஒரு கதை கேட்பாள். அதுதான் எங்கள் வீட்டு டெஸ்ட்.

போன வாரம் அத்தை புது போன் வாங்கப்போவதாகச் சொன்னாள். அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"மைனி, பழசக் கடையில குடுத்துராதிய!"