அத்தையின் கை

மாசி மகத்துக்கு அத்தையைக் காரில் செங் சன்னாசிமலைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். புக்கிட் காத்திலிலிருந்து பக்கம்தான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. 11 வருடமாக இப்படித்தான். அவரைக் கேட்காமல் அவர் மகளைப் பதிவுத் திருமணம் செய்தவன் நான்.

1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் வந்திருந்தது. நெரிசலில் தடுமாறியவரின் கையைப் பிடித்தேன். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கை. தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், ஒற்றை ஆளாக என் மனைவியைப் படிக்கவைத்த கை. அந்தக் கையால் தாரைவார்த்துக் கொடுக்க நான் விடவே இல்லையே!

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். பதில் இல்லை.

வீட்டில் இறங்கும்போது, "நாளைக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். மாப்பிள்ளை என்று இன்னும் கூப்பிடவில்லை.