கேரவனில் குடித்தனம்

ஸ்காட்லாந்தில் நெஸ் ஏரிக்கரையில், காரில் இழுத்துப் போன கேரவனில் நான்கு நாள் மகன் குடும்பத்தோடு தங்கினேன். ஏப்ரலிலும் ராத்திரி நடுங்குகிறது!

அங்கே நீல சிலிண்டரில் பியூட்டேன், சிவப்பில் புரொப்பேன். 0 டிகிரி குளிரில் பியூட்டேன் ஆவியாகாது, அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை தாக்குப்பிடிக்கும். பேத்திக்குப் பால் காய்ச்ச சிவப்புதான் கைகொடுத்தது.

ரெகுலேட்டரை சிலிண்டருக்கு மேலே, சுவரில் பொருத்தியிருந்தார்கள். தாழ இருந்தால் ட்யூபிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு இறங்கி அடைத்துக்கொள்ளுமாம்.

அடுப்பருகே தரையில் ஓட்டை. குழந்தைக்குக் குளிருமே என்று மருமகள் துணி அடைக்கப் போனாள், மகன் தடுத்துவிட்டான். இந்த காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். வெளியேற அதுதான் வழி.

குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்தலாம், சகோதரிகளே. அந்த ஓட்டையை மட்டும் அடைக்கவே கூடாது!