வெள்ளோட்டத் திரையும் எடைச்சீட்டும்

வின்யூஐ 3 என்னும் திரைக் கட்டமைப்பின் முதல் முன்னோட்டம் 2020 மே மாதம், மைக்ரோசாஃப்டின் பில்டு மாநாட்டையொட்டி வெளியானது. ஜூலையில் இரண்டாவது, நவம்பரில் மூன்றாவது, 2021 பிப்ரவரியில் நான்காவது என அடுத்தடுத்து வந்தன. மார்ச்சில் புராஜெக்ட் ரீயூனியன் 0.5 என்ற பெயரில் நிலையான பதிப்பு வந்தது. நவம்பரில் விண்டோஸ் ஆப் எஸ்டிகே 1.0 ஆனது. முன்னோட்டத்தை வைத்து எழுதிப் பார்க்கலாம், உடைத்துப் பார்க்கலாம், குறை கண்டால் தெரிவிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் கல்லாவில் ஏற்றக் கூடாது. முன்னோட்டம் வெளியிடுபவர்கள் உடன் வரும் குறிப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள். குறிப்பைப் படிப்பவர்கள்தாம் குறைந்துவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மேசைக் கணினி நிரல் பெரும்பாலும் எடைமேடையிலும் அரிசி ஆலையிலும் கமிஷன் மண்டியிலும் உரக்கடையிலும் ஓடுகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதால் கரும்பு வண்டிகள் வரும். கல்வராயன் மலையிலிருந்தும் சின்னசேலம் பக்கமிருந்தும் மரவள்ளியும் மக்காச்சோளமும் வரும். வண்டி மேடையில் ஏறி நின்றதும் எடை திரையில் வர வேண்டும். வண்டி எண்ணைத் தட்டியதும் சீட்டு வெளியே வர வேண்டும். பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரன் அடிப்பதற்குள் இரண்டும் முடிந்தாக வேண்டும். கட்டமைப்பின் செயல்விளக்கக் காணொளிகளில் வரும் நிழலும் மினுமினுப்பும் இந்த வேலைக்கு எந்த விதத்திலும் உதவுவதில்லை.

இந்த நிரல்களில் பழையவை 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்டவை. அதன் எழுதுகருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்தாலும், நிரல் ஓடுவதற்கான கோப்புகள் விண்டோஸ் 11-உடனும் வருகின்றன. அதன் பிறகு 2002-இல் டாட் நெட்டுடன் விண்டோஸ் ஃபார்ம்ஸ் வந்தது. 2003-இல் அவலான் என்ற பெயரில் மேடையில் காட்டப்பட்ட டபிள்யூபிஎஃப் 2006 நவம்பரில்தான் கைக்கு வந்தது. 2007-இல் சில்வர்லைட், 2012-இல் விண்டோஸ் 8-இன் முழுத்திரைச் செயலிகள், 2015-இல் யூடபிள்யூபி, பிறகு வின்யூஐ 3, 2022 மே மாதம் மாவி. ஒவ்வொன்று வரும்போதும் முந்தையதன் கதை முடிந்தது என்று பேச்சு கிளம்பும். சில்வர்லைட் விஷயத்தில் அது பலித்தது; 2021 அக்டோபரோடு அதற்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் ஃபார்ம்ஸ் விஷயத்தில் பலிக்கவில்லை. 2018 டிசம்பரில் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது; 2019-இல் டாட் நெட் கோர் 3.0-இல் அது மறுபடி இடம்பிடித்தது. அதை விடாமல் பிடித்திருந்தவர்களைப் பத்தாம்பசலிகள் என்றவர்கள் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கட்டமைப்பு மாறிவிட்டது என்பதற்காக எந்த மண்டிக்காரரும் நிரலை மாற்றச் சொன்னதில்லை. 2007 ஜனவரியில் வாட் வந்தபோது மாற்றச் சொன்னார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இரவோடிரவாக மாற்றச் சொன்னார்கள். 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, சீட்டின் தலைப்பில் படமாகவே பதிந்து வைத்திருந்த 'விழுப்புரம் மாவட்டம்' என்ற வரியை மாற்ற வேண்டியிருந்தது. முகவரியைப் படமாக வைத்தது ஏன் என்று இன்றைய இளைஞர் கேட்கக்கூடும். தமிழை எழுத்தாக வைக்க அன்று வழியில்லை என்பதே விடை. இந்தத் தொழிலில் தீராத தலைவலியும் அதுதான்.

விஷுவல் பேசிக் 6 நினைவகத்துக்குள் யூனிகோடைத்தான் வைத்திருந்தது. ஆனால் அதன் எழுத்துப்பெட்டியும் பட்டியலும் பழைய எட்டு பிட் குறியீட்டுப் பக்கத்தின் வழியாகவே திரைக்கு எழுதின. தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு பக்கமே ஒதுக்கப்படவில்லை. யூனிகோடில் தமிழைக் கொடுத்தால் குறியீட்டுக்கு ஒரு கேள்விக்குறியாகத் திரையில் வரிசைகட்டும். ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களே அப்போது கைகொடுத்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாப், டாம் என்ற தரங்களும் வந்தன. ஆனால் எழுத்துரு இல்லாத கணினிக்குத் தரவுக் கோப்பை எடுத்துப் போனால் விவசாயியின் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

யூனிகோடுக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, வேறு உருவம் எடுத்தது. விண்டோஸ் எக்ஸ்பி-யில் வட்டார அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் டிக் போட வேண்டும். அதற்கு விண்டோஸ் சிடியைக் கேட்கும். சிடி யாரிடமும் இருக்காது. டிக் போடாவிட்டால் கொம்பும் காலும் சரியான இடத்தில் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். டாட் நெட்டின் முதல் பதிப்புகளில் இன்னொரு விநோதம்: எழுத்துப்பெட்டியை வரைந்தது விண்டோஸின் பழைய ஜிடிஐ, அதற்குப் பக்கத்திலிருக்கும் பெயர்ச்சீட்டை வரைந்தது ஜிடிஐ பிளஸ். ஒரே பெயர், ஒரே எழுத்துரு, ஒரே அளவு. இரண்டும் இரண்டு அகலத்தில் நிற்கும். இந்த வகைக் குறைகளுக்காகவே 2005-இல் வந்த 2.0 பதிப்பில் எழுத்து வரைவதை ஜிடிஐ-க்கே திருப்பிக் கொண்டுபோனார்கள்.

டபிள்யூபிஎஃப் முன்னோட்டங்கள் வந்தபோது எழுத்தை வரையும் பொறியே புதிது. சிறிய அளவில் எழுத்து மங்கிப்போனது; ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பாதிப்பு அதிகம், ஏனென்றால் புள்ளியும் சுழியும் மங்கினால் 'க்' எது, 'க' எது என்று தெரியாது. திரைப்புள்ளிக்கு ஏற்ப எழுத்தை நிறுத்தும் அமைப்பு 2010-இல் டபிள்யூபிஎஃப் 4-இல்தான் கிடைத்தது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு வந்த பின் வேறொன்று தலைதூக்கியது. திரையின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லாததால் தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் நிர்மலாவை இரவல் வாங்குகிறது கட்டமைப்பு. தமிழ் உள்ள வரி உயர்ந்து, ஆங்கிலம் மட்டுமுள்ள வரி குட்டையாக, பட்டியல் முழுதும் ஏற்ற இறக்கமாக நிற்கும். வரி உயரத்தைக் கையால் கட்டிப்போட்டால் 'லி'-யின் மேல்வளைவோ 'கூ'-வின் கீழ்வளைவோ வெட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தேடிப் பிடிப்பது புத்தகத்தில் இல்லாத வேலை.

'மக்காச்சோளம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டாலே மீதி விளங்கும். கண்ணுக்கு ஏழு எழுத்து. நிரலிடம் நீளம் கேட்டால் பன்னிரண்டு என்று சொல்லும். புள்ளிக்கும் துணையெழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு என்பதால். சொல்லுக்குப் பின் இடைவெளி நிரப்பி எடைப் பத்தியை நேராக்கும் ஆங்கில வழக்கம் இங்கே செல்லாது. 'சோ' என்பதிலேயே இன்னொரு வில்லங்கம் உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீட்டிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. குறியீட்டை நேருக்கு நேர் ஒப்பிடும் நிரலுக்கோ இரண்டும் வேறு. மண்டியில் ஒருவர் ஒரு தட்டச்சு மென்பொருளிலும் மற்றவர் இன்னொன்றிலும் அடித்தால் சரக்கு இரண்டாகப் பிரிந்து, இருப்பு உதைக்கும். சேமிப்பதற்கு முன் எல்லாச் சொல்லையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி டாட் நெட் 2.0-விலிருந்தே இருக்கிறது. அதை அழைக்க ஒரே வரி போதும். அந்த ஒரு வரி இல்லாத நிரல்கள் இன்றும் விற்பனையாகின்றன.

அச்சுப்பொறி இதைவிடப் பிடிவாதக்காரர். மூன்று படி கார்பன் சீட்டு வேண்டுமென்பதால் எடைமேடையில் டாட் மேட்ரிக்ஸ்தான். அதன் உள்ளேயே பதிந்துள்ள எழுத்துகளில் தமிழ் கிடையாது. தமிழைப் படமாகத்தான் அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் தலை இடமும் வலமும் நடந்து நடந்து, விநாடியில் முடிய வேண்டிய சீட்டு இழுத்துக்கொண்டே போகும். டபிள்யூபிஎஃப் சீட்டு முழுவதையும் தன் அச்சு வழியில் அனுப்புவதால் எண்கள்கூடப் படமாகவே போய்ச் சேரும். அனுபவசாலிகள் கண்ட வழி எளிமையானது. தலைப்பும் கட்டங்களும் தமிழில் அச்சடித்த தாளை அச்சகத்தில் வாங்கிவிடுவார்கள். நிரல் எண்களை மட்டும் அச்சுப்பொறியின் சொந்த எழுத்தில், இடம் பார்த்து இறக்கும். சரக்கின் பெயர் மட்டும் தேவையென்றால் அந்த ஒரு வரியை மட்டும் படமாக்கலாம். கட்டமைப்பைத் தாண்டி அச்சு வரிசைக்கு நேராக எழுதத் தெரிந்தவருக்கே இது கைவரும்.

எடைக்கருவியிலிருந்து எண்ணை வாங்குவது அடுத்த படி. கருவி காம் போர்ட் வழியாக எடையை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். விஷுவல் பேசிக் 6-இல் அந்த எண் திரையை வரையும் இழையிலேயே வந்து சேர்ந்ததால் யோசிக்க ஒன்றுமில்லை. டாட் நெட்டில் தொடர்முனைக்கான சொந்த வகுப்பு 2005-இல்தான் வந்தது; தரவும் வேறொரு இழையில் வந்தது. அங்கிருந்து திரையைத் தொட்டால் பிழை. விண்டோஸ் ஃபார்ம்ஸில் இன்வோக், டபிள்யூபிஎஃப்-இல் டிஸ்பேச்சர், யூடபிள்யூபி-யில் கோர் டிஸ்பேச்சர், வின்யூஐ 3-இல் டிஸ்பேச்சர் கியூ: ஒரே வேலைக்கு நான்கு பெயர். பழைய பெயர் புதியதிலும் கிடக்கும். அழைத்தால் வெறுமை திரும்பும். இதில் கெட்டிக்காரத்தனம் எதுவும் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் எடையைப் பதியாமல், எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருக்கும் பகுதியை எந்தக் கட்டமைப்பும் எழுதித் தராது.

வின்யூஐ 3 முன்னோட்டத்துக்குக் கல்வராயன் மலை மேல் இன்னொரு தடை இருந்தது. அந்தக் காலத்தில் செயலியை எம்எஸ்ஐஎக்ஸ் பொட்டலமாகத்தான் தர முடியும். பொட்டலத்தில் கையொப்பம் இருக்க வேண்டும். அந்தக் கையொப்பத்தை நம்பும்படி ஒவ்வொரு கணினியிலும் சான்றிதழை நிர்வாகி உரிமையோடு பதிய வேண்டும். விண்டோஸ் 7-இல் ஓடவே ஓடாது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்ததைப் பற்றிக் கடைக் கணினிகளுக்குக் கவலையில்லை, அவை ஓடிக்கொண்டேதான் இருந்தன. வெள்ளிமலையிலோ அதற்கு அப்பாலுள்ள ஊரிலோ ஒரு கடைக்கு நிரல் தருவதென்றால் பென் டிரைவில் ஒரு கோப்புறையை நகலெடுத்து இருமுறை சொடுக்குவதுதான் முறை. செல்பேசிச் சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும் மலையில், முதல் முறை திறக்கும்போது இணையத்திலிருந்து எதையாவது இறக்கிக்கொள்ளும் செயலி திறக்காத செயலிக்குச் சமம். பொட்டலமில்லாமல் ஓட்டும் வசதி 1.0-இல்தான் வந்தது. சுட்டியால் இழுத்துப் போட்டுத் திரையை வடிவமைக்கும் வசதி வின்யூஐ 3-க்கு முன்னோட்டத்திலும் இல்லை, நிலையான பதிப்பிலும் தரப்படவில்லை.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தால் இந்த மாவட்டத்து மாணவர் பலருக்கும் சொந்தமாக ஒரு கணினி கிடைத்தது. அவர்களிலிருந்து நல்ல நிரலாளர்கள் வந்திருக்கிறார்கள். கை வேகமும் அவர்களிடம் உண்டு. ஆனால் புதிதாக வருபவர்களில் பலர் சோதனைத் தரவில் 'ஐட்டம் 1', 'ஐட்டம் 2' என்று ஆங்கிலத்தில் அடித்து, திரை அழகாக இருக்கிறதென்று முடித்துவிடுகிறார்கள். காம் போர்ட் இல்லாத மடிக்கணினியில் எடைமேடை நிரல் எழுதப்படுகிறது. கார்பன் சீட்டுக்குப் பதிலாகப் பிடிஎஃப் தரலாமே என்கிறார்கள். லாரி ஓட்டுநர் பிடிஎஃப்-ஐச் சோதனைச்சாவடியில் நீட்ட முடியாது என்பதை யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. வலைப்பக்கத்தை உறைபோட்டு மேசைச் செயலி என்று தருவதும் உண்டு. நான்கு ஜிபி நினைவகமுள்ள கடைக் கணினியில் அது ஓடும் அழகைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பழுதானால் அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்பது பதில். அரவைப் பருவம் அடுத்த பதிப்புக்காகக் காத்திருப்பதில்லை.

முன்னோட்ட வசதியைத் தவறுதலாகப் பயன்படுத்திவிடாமல் தடுக்கக் கட்டமைப்பை உருவாக்குபவர்களே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் வந்த டாட் நெட் 9-இல் விண்டோஸ் ஃபார்ம்ஸுக்கு இருண்ட வண்ணத் திரை சோதனை நிலையில் சேர்க்கப்பட்டது. அந்தப் பதிப்பில் அதை அழைத்தால் நிரல் தொகுக்கப்படாது. சோதனை நிலை என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த எச்சரிக்கை எண்ணைத் திட்டக் கோப்பில் கைப்பட எழுதி அடக்கினால்தான் தொகுக்கும். எழுதுபவர் ஒரு கணம் நின்று யோசிக்கட்டும் என்பதற்கான தடுப்பு அது. இப்போது கைமாறும் மாதிரித் திட்டக் கோப்புகளில் அந்த அடக்கும் வரி முன்கூட்டியே எழுதப்பட்டே வருகிறது.