இனிஷியல்

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக ஒரு சின்னச் செயலி செய்து கொடுத்தேன். நாற்பது பேர், போன் நம்பர், பிறந்தநாள். போட்டோ இல்லாதவர்களுக்கு ஒரு கலர் வட்டம், உள்ளே பெயரின் முதலெழுத்துகள். ஆபீஸில் எத்தனையோ தடவை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட்தான்: பெயரை இடைவெளியில் உடை, ஒவ்வொரு துண்டிலும் பூஜ்யமாவது இடத்தில் இருப்பதை எடு, சேர். ஒரே வரி.

அப்பா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது யாருடா?"

'பூ. கோவிந்தன்', வட்டத்துக்குள் 'பக' என்று இருந்தார்.

நம் கண்ணுக்குப் 'பூ' ஒரே எழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறியீடுகள்: ப, அடுத்து ஊகாரக் குறி. பூஜ்யமாவது இடத்தில் ப மட்டும்தான் இருக்கும். ஆபீஸில் எல்லார் பெயரும் ஆங்கிலத்தில் இருந்ததால் இத்தனை வருஷம் எனக்கு இது உறைக்கவே இல்லை. புதுமைப்பித்தனின் இயற்பெயரைப் போட்டுப் பார்த்தேன். சொ. விருத்தாசலம் 'சவ' ஆகிவிட்டார். அவர் ரசித்திருப்பார்.

அப்பா ரசிக்கவில்லை. "உயிரை எடுத்தா மெய்தானடா மிஞ்சணும்? 'ப்'னு வராம 'ப' எப்படி வந்துச்சு?"

நல்ல கேள்வி. இலக்கணத்தில் மெய்யோடு உயிர் சேர்கிறது. யூனிகோடில் அகரம் ஏறிய எழுத்துதான் அடிப்படை. புள்ளியே தனியாக ஒட்டவைக்கிற குறி. 'ப' ஒரு குறியீடு, 'ப்' இரண்டு. சொன்னேன். "தலைகீழா இருக்கே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லடா" என்றார்.

தாத்தா பூமிநாதன் இறந்தபோது அப்பாவுக்கு இரண்டு வயது. முகம் ஞாபகமில்லை. கிடைத்தது அந்த ஒற்றை எழுத்துதான். பள்ளிக்கூட அட்டெண்டன்ஸிலிருந்து பென்ஷன் புத்தகம் வரைக்கும் அதைக் கூடவே கொண்டுவந்திருக்கிறார். நான் அதில் பாதியை வெட்டியிருக்கிறேன்.

அன்று ராத்திரியே 'இன்ட்ல்.செக்மென்டர்' என்பதற்கு மாற்றினேன். ஜாவாஸ்கிரிப்டிலேயே இருப்பது. மொழி தமிழ், அளவு 'கிராஃபீம்' என்று சொன்னால், குறியைப் பிரிக்காமல் எழுத்தை முழுசாகத் தரும். 'பூ.கோவிந்தன்' என்று இடைவெளி விடாமல் எழுதுகிறவர்களுக்காகப் புள்ளியிலும் உடைக்கச் சொன்னேன்.

காலையில் அப்பா வட்டத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பூகோ. "ம்" என்றார். பிறகு கீழே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஸ்ரீதரன் சாருக்கு 'ஸ்' மட்டும்தான் வந்திருக்கு."

செக்மென்டருக்கு 'ஸ்ரீ' இரண்டு எழுத்து: ஸ், ரீ.

"இலக்கணப்படி அது சரிதான்" என்றார் அப்பா. "ஆனா அவரு ஒத்துக்க மாட்டாருடா."