கெமராவுக்குப் பங்கசு பிடித்த கதை



போன கிழமை ஸ்டாஃப் ரூமில், புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர் பேக்கைத் திறந்து ஒரு கெமராவைக் காட்டினார். சவூதியில் இருக்கும் கணவர் கொண்டு வந்து கொடுத்தாராம். "ராத்தா, இத எப்படிப் பாதுகாக்கிற?" என்று கேட்டார். அதற்குள் இன்டர்வல் மணி அடித்துவிட்டது. "பெரிய வேலை ஒண்டும் இல்ல, பிறகு சொல்றன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

போகிற வழியில்தான் உறைத்தது. பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று நினைத்துத்தான் நான் ஒரு மனுஷிக்கு முன்னால் தலை குனிந்து நின்றேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கெமரா வைத்திருக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

நான் போட்டோகிராபர் இல்லை. தமிழ் படிப்பிக்கிற டீச்சர். எங்களுடையது பெண்கள் பாடசாலை. பரிசளிப்பு, கலை நிகழ்ச்சி, மீலாத் விழா என்று எது நடந்தாலும், வெளியிலிருந்து படம் எடுக்க ஆள் கூப்பிட்டால் பெற்றோரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "படத்த யாரு வெச்சிக்கிற?" நியாயமான கேள்வி. யாரோ ஒருவருடைய கடைக் கம்ப்யூட்டரில் நம் பிள்ளைகளின் முகங்கள் எத்தனை வருஷம் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் 2016 இல், சீட்டுக் காசு கிடைத்த மாதம், நானே ஒரு கெனன் 1300டி வாங்கினேன். கூட வந்த சின்ன சூம் லென்ஸ் எங்கள் மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்குப் போதவில்லை. அடுத்த வருஷம் ஒரு 50 எம்.எம். லென்ஸ் சேர்ந்தது. அதில் சூம் கிடையாது, நாம்தான் முன்னுக்கும் பின்னுக்கும் நடக்க வேண்டும். ஆனால் ஃப்ளாஷ் இல்லாமலே பிள்ளைகளின் கண் மின்னுவது வரை பிடிக்கும்.

அந்த லென்ஸை நான் எவ்வளவு கவனமாக வைத்திருந்தேன் தெரியுமா? வெல்வெட் துணியில் சுற்றி, கெமரா பேக்கில் போட்டு, அலுமாரியில் கலியாணச் சேலைகளுக்குக் கீழே. பட்டுச் சேலைக்கும் கெமராவுக்கும் ஒரே மரியாதை. பிறகுதான் விளங்கியது, பங்கசு வளர்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். கெமரா அலுமாரிக்குள் போனது. ஊரடங்கு, திறப்பு, மறுபடி மூடல் என்று வருஷம் ஓடியது. நவம்பரில் மாரி தொடங்கி வீட்டுச் சுவரெல்லாம் வியர்த்தபோதும் நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. 2021 பெப்ரவரியில், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு சான்றிதழ் நிகழ்வு வைத்தோம். கூட்டம் கூட்டக் கூடாது என்பதால் பிள்ளைக்கு ஒரு பெற்றோர் மட்டும்.

அன்று காலை லென்ஸ் மூடியைக் கழற்றினேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி நூல் மாதிரி ஒரு கீற்று. ஷோல் நுனியால் துடைத்தேன், போகவில்லை. உள்ளே இருப்பது வெளியே துடைத்தால் எப்படிப் போகும்? நேரமும் போய்க்கொண்டிருந்தது. சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன்.

அதில் ஒரு பிள்ளையின் வாப்பா கடற்கரையில் மீன் வாடியில் வேலை செய்கிறவர். பெருநாள் சட்டை போட்டு வந்திருந்தார். மகளோடு ஜன்னலுக்கு முன்னால் நின்றார். பின்னால் காலை வெயில். படம் எடுக்க மாஸ்க்கைக் கழற்றியவர், "டீச்சர், பல்லுத் தெரியாம எடுங்க" என்றார். வெற்றிலைக் காவி. சொன்னவர் தானே சிரித்துவிட்டார், நான் அந்த நேரம் பார்த்து அழுத்தினேன். கெமராவின் சின்னத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பிரிண்ட் போட்டுத் தருவதாகச் சொன்னேன். ஏப்ரல் கடைசியில் மறுபடி பாடசாலை மூடினார்கள். படங்கள் கார்டிலேயே இருந்தன.

ஓகஸ்டில் அவர் கொரோனாவில் மௌத்தாகிவிட்டார். அந்தக் காலத்தில் கொரோனா ஜனாஸாக்களை ஊர் மையவாடியில் அடக்க விடவில்லை. அதற்கு முதல் எரித்தார்கள், 2021 மார்ச்சிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறு பதிவாகிவிடும். மட்டக்களப்பையும் தாண்டிப் போன அந்தப் பயணத்தில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இல்லை. கடைசியாக முகம் பார்க்கவில்லை.

இத்தா முடிந்து, 2022 ஜனவரியில், தம்பியைக் கேட்டடியில் நிறுத்திவிட்டு அந்தத் தாய் வந்தார். "டீச்சர், மகளோட நிண்டு ஒரு படம் எடுத்ததாமே. அடையாள அட்டைப் படமும் கலியாணப் படமும்தான் எங்கள்ட்ட இரிக்கு. அதுல அவரு சிரிக்கல."

அன்று இரவு லப்டொப்பில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் இருந்தது. ஆனால் பால் ஊற்றிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி. அதே நாளில், அதே லென்ஸால், வெளிச்சத்தை எனக்குப் பின்னால் வைத்து எடுத்த படங்களெல்லாம் பளிச்சென்று இருந்தன.

பங்கசின் குணமே இதுதான். அது படத்தில் புள்ளியாகவோ நூலாகவோ விழாது. எதிர் வெளிச்சம் வரும்போது லென்ஸுக்குள் அந்த நூல்களில் பட்டு ஒளி சிதறும், கறுப்பெல்லாம் சாம்பலாகும். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் மாதக் கணக்கில் நமக்குத் தெரியவே தெரியாது. அதன் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. இருட்டு, அசையாத காற்று, ஈரப்பதன் 60, 70 வீதத்துக்கு மேல் நீண்ட நாள் நிற்பது, இவ்வளவும் கிடைத்தால் கண்ணாடியிலுள்ள தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்றே வளரும். வளரும்போது அமிலம் விடும், அது லென்ஸின் பூச்சை அரிக்கும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன படைகளின் தொலைநோக்கிகளே இப்படிப் பழுதாகி, விஞ்ஞானிகள் உட்கார்ந்து ஆராய வேண்டி வந்தது. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இருக்கிற என் அலுமாரி எந்த மூலை?

லென்ஸைத் திருத்தக் கொடுத்தேன். கழற்றித் துடைத்துத் தந்தார்கள். பங்கசு போனது, நத்தை ஊர்ந்த மாதிரி தடம் மட்டும் போகவில்லை. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால், அந்த மார்ச்சில் ரூபாய் விழத் தொடங்கியது. 200 ரூபாயில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ஐத் தொட்டது. பெற்றோல் வரிசையில் நிற்கிற நாட்டில் லென்ஸ் வாங்குகிற கதையை யாரிடம் சொல்வது?

இடையில் ஒரு வார்த்தை. திருத்தக் கொடுக்கும்போது கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கெமராவை மட்டும் கொடுங்கள். பிள்ளைகளின் முகங்களை அமானிதமாகத் தந்திருக்கிறார்கள்.

இனி நான் செய்வதைச் சொல்கிறேன். பேக் என்பது கொண்டுபோவதற்கு மட்டும், வைப்பதற்கு இல்லை. அதன் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழும்பில் கரண்டில் வேலை செய்யும் உலர் பெட்டி விற்கிறார்கள். என்னிடம் இருப்பது சாப்பாட்டுச் சாமான் போடுகிற, மூடியில் ரப்பர் வைத்து இறுகப் பூட்டுகிற பிளாஸ்டிக் பெட்டி. அடியில் சிலிக்கா ஜெல், மேலே துணி, அதற்கு மேல் கெமராவும் லென்ஸும், ஓரத்தில் ஈரப்பதன் காட்டுகிற சின்ன மீற்றர். மீற்றர் 40 க்கும் 50 க்கும் இடையில் நின்றால் நிம்மதி. ரொம்பவும் காயவிடவும் கூடாது, 30 க்குக் கீழே போனால் ரப்பருக்கும் உள்ளே பூசியிருக்கும் எண்ணெய்க்கும் நல்லதில்லை என்பார்கள்.

சிலிக்கா ஜெல்லைப் பற்றி எங்கள் விஞ்ஞான டீச்சர்தான் சொல்லித் தந்தார். ஈரத்தைக் குடித்ததும் நீலமணி ரோஸ் நிறமாகும். வீசத் தேவையில்லை. மெல்லிய நெருப்பில் கிளறிக் கிளறிச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பு. சமைக்கிற தாச்சியில் போடாதீர்கள், அதற்கென்று ஒரு பழைய தாச்சியை ஒதுக்கி ஜன்னலைத் திறந்து வையுங்கள். என் மாமி, "ஏன் புள்ள இந்தப் பாடு, அரிசிக்குள்ள போட்டு வைங்களன்" என்றார். சம்மாந்துறை வயல்காரர் வீட்டுப் பெண், எதற்கும் அரிசிதான் மருந்து. அரிசி ஈரத்தைக் கொஞ்சமாகத்தான் இழுக்கும், மாவுத் தூள் லென்ஸின் இடுக்கில் போகும். இதை மாமியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எதைவிடவும் பெரிய மருந்து, எடுத்துப் பாவிப்பது. கிழமைக்கு ஒரு தரமாவது வெளியே எடுத்து, வெளிச்சம் காட்டி, நாலு படம் எடுங்கள். மாதம் ஒரு தரம் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தால் போன் டோர்ச்சை அடித்து, முன்பக்கத்தால் சரித்துப் பாருங்கள். நூல் மாதிரி, வேர் மாதிரி ஏதும் தெரிந்தால் உடனே கொடுங்கள். பூச்சை அரிக்க முதல் பிடித்தால் தடமில்லாமல் போகும்.

மாரியில் பங்கசு என்றால், கச்சான் காலத்தில் வேறு வில்லங்கம். மே தொடங்கி ஓகஸ்ட் மட்டும் அந்தக் காய்ந்த காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வரும். ஒருமுறை மைதானத்தில் நின்று லென்ஸ் மாற்றினேன். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு வானத்திலும் அதே இடத்தில் மூன்று கறுப்புப் புள்ளிகள். சென்சரில் தூசி. வாயால் ஊதினேன், மூன்று ஐந்தாகியது, இரண்டு என் எச்சில். ரப்பர் பிளோவர் ஒன்று வாங்குங்கள், கெமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். லென்ஸ் மாற்றுவதென்றால் வகுப்பறைக்குள் வந்து, காற்றுக்கு முதுகு காட்டி, கெமராவைக் குனித்துப் பிடித்து மாற்றுங்கள்.

கடற்கரைக்குப் போனால் உப்பு. கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் போய் வந்து பாருங்கள், லென்ஸில் மூக்குக் கண்ணாடியில் படிகிற மாதிரி ஒரு பிசுபிசுப்பு. அதைக் காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. உப்போடு மண்ணும் இருக்கும், தேய்த்தால் கீறும். முதலில் ஊதுங்கள், பிறகு மெல்லிய பிரஷ், அதன் பிறகுதான் லென்ஸ் துணி. திரவம் பாவிப்பதென்றால் துணியில் ஒரு துளி, கண்ணாடியில் நேரே விடக் கூடாது. உடம்புப் பகுதியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். போன் லென்ஸுக்கும் இதே கதைதான். நான் வருஷக் கணக்கில் ஷோல் நுனியால் துடைத்து ஆயிரம் முடிக் கீறல் போட்டவள், அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

ஏசி போட்ட கலியாண மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் கெமரா வியர்க்கும். அறைக்குள்ளேயே பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, வெளியே வந்து அரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால் வியர்வை பைக்கு வெளியில் நிற்கும்.

படங்களை எப்படி வைக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று என் வீட்டில், மற்றது சம்மாந்துறையில் மாமி வீட்டில், கடலிலிருந்து தள்ளி. ஏன் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. எங்கள் வீட்டில் உயிர்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். ஆல்பம் சேற்றுக்குள் கிடந்தது. எடுத்து வெயிலில் காய வைத்தேன். ஒட்டிக் காய்ந்த படங்களைப் பிரித்தபோது முகங்கள் உரிந்து மற்றப் படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டன. 2011 இல் ஜப்பானில் சுனாமி அடித்த பிறகு, புஜிபிலிம் கம்பனி ஆட்களும் தொண்டர்களும் சேற்றில் கிடந்த படங்களைக் கழுவிக் கழுவி மீட்டதைப் பிந்தித்தான் வாசித்தேன். ஒட்டிய படங்களைக் காயவிடாமல், நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, மெதுவாகப் பிரித்து, நிழலில் காயவைக்க வேண்டுமாம். எனக்கு அது ஏழு வருஷம் பிந்திக் கிடைத்த செய்தி.

அந்தத் தாய்க்கு என்ன கொடுத்தேன் என்று கேட்பீர்கள். மூன்று இரவு அந்தப் படத்தோடு உட்கார்ந்தேன். ரோ முறையில் எடுத்திருந்தால் இன்னும் மீட்டிருக்கலாம், நான் எடுத்தது ஜேபெக். கறுப்பை இழுத்து இழுத்து, நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கியபோது கொஞ்சம் முகம் வந்தது. கண் சரியாக வரவில்லை. பெரிய அளவில் பிரிண்ட் போட்டால் இன்னும் மங்கும் என்று சின்னதாகப் போட்டுக் கொண்டுபோனேன். பிழை என்னுடையது, லென்ஸைக் கவனிக்காமல் விட்டேன் என்று சொன்னேன். அவர் படத்தைக் கையில் வைத்து நிறைய நேரம் பார்த்தார். என்னை ஏசியிருக்கலாம், ஏசவில்லை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "உம்மா, வாப்பாட பல்லுத் தெரியுது" என்றாள்.

அந்தப் பிள்ளை இப்போது எங்கள் ஊடகக் கழகத்தில் இருக்கிறாள். நிகழ்வு நாட்களில் கெமரா அவள் கையில்தான். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக டோர்ச் அடித்து லென்ஸைப் பார்ப்பாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாரி தொடங்கிவிட்டது. எங்கள் டீச்சர்மார் யாரிடமாவது லென்ஸ் இருந்தால் திங்கட்கிழமை இன்டர்வலுக்குக் கொண்டு வாருங்கள், டோர்ச் அடித்துப் பார்த்துச் சொல்கிறேன். புதுக் கெமரா டீச்சருக்குப் பெட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். மூடி கொஞ்சம் இறுக்கம், இரண்டு கையாலும் அழுத்த வேண்டும்.