ஓரம் ஒன்றா, இரண்டா?

இரண்டாமாண்டு கணித மாணவன்

கணிதம் என்றதும் நண்பர்கள் பலருக்கும் நினைவுக்கு வருபவை எண்களும் சூத்திரங்களும்தான். அவற்றை மனப்பாடம் செய்து தேர்வெழுதினால் கணிதத்தின் வேலை முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு காகிதப் பட்டை. கணித மன்றக் கூட்டமொன்றில் அந்தப் பட்டையால் நான் பட்ட பாட்டையும், பிறகு கற்ற பாடத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் டோபாலஜி எனப்படும் இடத்தியல். நீட்டினாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் துறை அது. அதற்கு இரண்டு பெரிய கருவிகள் உண்டு. ஒரு வெளிக்குள் கயிற்றை வளையமாகப் போட்டு, அறுக்காமல் ஒரு புள்ளியாகச் சுருக்க முடிகிறதா என்று பார்ப்பது ஹோமோடோபியின் வழி. அந்த வளையம் ஏதேனும் ஒரு பரப்பின் எல்லையாக அமைகிறதா, அல்லது நடுவில் ஓட்டை இருக்கிறதா என்று கணக்கெடுப்பது ஹோமாலஜியின் வழி. 1895இல் இத்துறைக்கு உறுதியான அடித்தளமிட்டவர் பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவான்காரே.

செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, இரண்டு பட்டைகள் செய்து வைத்திருந்தேன். நேராக ஒட்டியது வளையல் போன்ற உருளை. ஒரு முனையை அரைச்சுற்றுத் திருப்பி ஒட்டியது, 1858இல் மோபியஸ், லிஸ்டிங் என்னும் இரு ஜெர்மானியர் தனித்தனியே கண்ட மோபியஸ் பட்டை. நடுவே ஓடும் வட்டத்தை அடித்தளமாகவும், அதன் ஒவ்வொரு புள்ளியிலும் குறுக்கே கிடக்கும் சிறு கோட்டை இழையாகவும் கொண்டால், இரண்டுமே இழைகளாலான வெளிகள். எந்தச் சிறு துண்டை எடுத்துப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். "முழுவதும் சுற்றி வந்தால்தான் வேறுபாடு தெரியும். அதை ஹோமாலஜி காட்டிக்கொடுத்துவிடும்" என்று முழங்கினேன்.

"எங்கே, காட்டப்பா பார்ப்போம்" என்றார் பேராசிரியர்.

கரும்பலகையில் கணக்குப் போட்டேன். உருளைக்கு விடை முழு எண்களின் குலம். மோபியஸ் பட்டைக்கும் அதே விடை! ஹோமோடோபியை நாடினேன், அங்கும் அதே. ஒவ்வோர் இழையையும் அதன் நடுப்புள்ளிக்குச் சுருக்கினால் இரு பட்டைகளும் வெறும் வட்டமாகிவிடுகின்றன; முறுக்கும் அதோடு மறைந்துவிடுகிறது. முன்வரிசையில் எழுந்த சிரிப்பைக் கேட்டவாறே சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு இறங்கினேன். "தவறில்லை, யோசித்துக்கொண்டு வா" என்றார் பேராசிரியர்.

அன்று மாலை பட்டைகளோடு வீட்டுக்குப் போனேன். என் தாயார் பள்ளிக்கூடம் போனவரல்லர்; அக்கம்பக்கத்தாருக்குப் பாவாடை தைத்துத் தருபவர். அவரிடம் ஏதோ விளையாட்டாகத்தான், "இந்த ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு, முறுக்கிய பட்டையின் ஓரத்தில் விரலை வைத்து ஓட்டினார்.

"திருப்பி ஒட்டிட்டியேப்பா. பாவாடைப் பட்டை இப்படி முறுக்கிக்கிட்டா ஓரம் அடிக்கும்போதே தெரிஞ்சிடும். ஒரு சுத்து வந்தா எதிர் ஓரத்துக்குப் போயிடும். ரெண்டு சுத்து அடிச்சாத்தான் ஆரம்பிச்ச இடத்துக்கு வரும். இதுக்கு ஓரமே ஒண்ணுதான்."

என் பிழை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இழையைச் சுருக்கிய அவசரத்தில் அதன் நுனிகளை நான் மறந்துவிட்டேன். இழை வெறும் கோடன்று. இரு நுனிகளையுடைய கோடு. இழை இழைக்கே போக வேண்டும், நுனி நுனிக்கே போக வேண்டும் என்று விதித்துவிட்டால் என் பழைய சுருக்கம் செல்லாது. இவ்வாறு இழைக்குரிய அமைப்பைக் காத்துக்கொண்டே ஹோமோடோபியும் ஹோமாலஜியும் செய்வதுதான் அமைப்புடைய இழைவெளிகளின் கொள்கை. நடுவட்டத்தை 1 என்று கொண்டால், உருளையின் ஓரம் ஒவ்வொன்றும் 1. மோபியஸ் பட்டையின் ஒற்றை ஓரம் 2. அம்மா சொன்ன "ரெண்டு சுத்து" அந்த 2 அல்லாமல் வேறென்ன?

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. இத்தகைய முறுக்குகளை அளக்கும் முறையை 1935இல் ஸ்டீஃபல், விட்னி ஆகிய இருவரும் தனித்தனியே கண்டதை எடுத்துரைத்தார். 1931இல் ஹைன்ஸ் ஹோப்ஃப் கண்ட அற்புதத்தையும் விளக்கினார். நாற்பரிமாண வெளியிலுள்ள முப்பரிமாணக் கோளம் முழுவதையும் வட்ட இழைகளாகப் பிரிக்கலாம்; அடித்தளம் நாம் அறிந்த பந்தின் மேற்பரப்பு. அவற்றுள் எந்த இரண்டு வட்டங்களும் சங்கிலிக் கண்ணிகள்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். முறுக்கு இல்லாதிருந்தால் அங்கே சுருக்க முடியாத வளையம் ஒன்று இருந்தாக வேண்டும். அந்தக் கோளத்திலோ எல்லா வளையங்களும் சுருங்கிவிடுகின்றன. என் பட்டையில் மறைந்துகொண்ட முறுக்கு அங்கே தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது!

இத்துறையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1932இல் பிறந்து, சென்னை இலயோலா கல்லூரியில் பயின்ற எம். எஸ். நரசிம்மன், சி. எஸ். சேஷாத்ரி ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட தேற்றம் உலகப் புகழ் பெற்றது. அதில் இழைகள் திசையன் வெளிகள்; அடித்தளம் ஓட்டைகள் கொண்ட ஒரு பரப்பு. வளையங்களின் வழியே சுற்றித் திரும்பும்போது இழை எவ்வாறு திரும்பி வந்து சேர்கிறது என்பதற்கும், அப்பரப்பின் மீதமையும் நிலையான இழைக்கற்றைகளுக்கும் உள்ள தொடர்பை அது நிறுவுகிறது. காகிதப் பட்டையில் நான் தொட்டுப் பார்த்ததும் அந்தக் கேள்வியின் சிறு துளிதான்.

படிப்பறியாத வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருபவன், இங்கே படிப்பதற்கும் அங்கே பேசுவதற்கும் தொடர்பில்லை என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறான். நானும் அப்படித்தான் இருந்தேன். பாடத்தை நடுப்புள்ளிக்குச் சுருக்கி விடை எழுதினேன். ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கவில்லை. அடுத்த மன்றக் கூட்டத்தில் மீண்டும் பேச அனுமதி கிடைத்திருக்கிறது. இம்முறை காகிதப் பட்டையைக் கொண்டு போகப் போவதில்லை. அம்மா தைத்துக் கொடுத்த துணிப் பட்டை ஒன்று இருக்கிறது. ஓரமும் அடித்திருக்கிறார், ஒரே நூலில், இரண்டு சுற்று.