37 ஓட்டைகள், ஒரு கோலம், ஒரு பூவரசு!

ஸ்க்ரோல் சா வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் திண்டிவனத்தில் பாதிப் பேர் ‘ஜிக்சாவா?’ என்று கேட்டார்கள். மீதிப் பேர் ‘எதுக்கு?’ என்று கேட்டார்கள். இந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

மெஷின் பார்ப்பதற்குத் தையல் மெஷினின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இன்ச் நீளத்துக்கு மெல்லிய ரம்ப பிளேடு. மேலேயும் கீழேயும் கவ்விப் பிடித்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடும். ஜிக்சாவில் மரம் சும்மா கிடக்கும், மெஷின் நகரும். இதில் மெஷின் சும்மா நிற்கும், நாம் மரத்தைத் திருப்ப வேண்டும், ஜாக்கெட் கழுத்துக்கு வளைத்துத் தைப்பதைப்போல. புதுச்சேரியில் ஒருவர் பயன்படுத்திய மெஷினை 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் கையால் பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ‘ஃப்ரெட் சா’ போதும். வில் மாதிரி வளைந்த சட்டத்தில் அதே மெல்லிய பிளேடுதான். சில நூறு ரூபாயில் கிடைக்கும்.

ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து, சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. காலையில் போட்ட செய்தி மதியத்துக்குள் பழசாகிவிடும். வாரக் கடைசியில் ஊருக்கு வந்தால் கையில் பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான் காரணம். ஆனால் எங்கள் குடும்பத்தில் மரவேலையை ‘ஹாபி’ என்று சொல்வது அத்தனை சுலபமில்லை. என் மாமா, அம்மாவின் அண்ணன், விழுப்புரத்தில் தச்சர். நாற்பது வருடமாக நிலை, கதவு, ஜன்னல்.

சின்ன வயதில் லீவுக்குப் போனால் அவருடைய பட்டறைக்குள் எங்களை விடவே மாட்டார். ‘இழைப்புளியில் வரும் சுருள் வேணுமா, அள்ளிக்கிட்டுப் போ. உளியைத் தொட்டா கையை ஒடிச்சுடுவேன்’ என்பார். அவருடைய இடது ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். மீதியை வட்ட ரம்பம் எடுத்துக்கொண்டது. அதனால் அவர் எங்களைத் துரத்தியதை இப்போது கோபமாக நினைக்கத் தோன்றவில்லை. நான் மெஷின் வாங்கிய செய்தி கேட்டதும் போனில் ஒரே கேள்வி: “பேனா புடிக்கிற கைக்கு இது இன்னாத்துக்கு பாப்பா?”

மரம் தானாக வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில்தான் ஆயா வீடு. விடிந்து பார்த்தால் வாசல் பூவரசு வேரோடு சாய்ந்து கிடந்தது. அந்த மரத்து இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை எங்கள் குடும்பத்தில் கிடையாது. கொழுக்கட்டைக்கும் அதே இலைதான். கிளையெல்லாம் விறகுக்குப் போனது. அடிமரத்துக்கும் ஒருவர் விலை பேசிவிட்டார். மாமா வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, வண்டி பிடித்துச் சா மில்லுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பொங்கல் கழிந்து அறுத்து வந்தது. சில பலகைகள் அரை இன்ச், சில ஒன்றரை இன்ச். பச்சை மரத்தை உடனே எடுத்து வேலை செய்தால் அது காயக் காய வளையும், வெடிக்கும். முனைகள் வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அதனால் ரெண்டு முனைக்கும் பழைய பெயின்ட்டை அடித்தார். பலகைக்குப் பலகை நடுவே குச்சி வைத்து, காற்று போகிற மாதிரி அடுக்கினார். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதினார். ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருடம் என்பது கணக்கு. காத்திருப்பதும் மரவேலைதான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. டெஸ்க்கில் எல்லாமே பத்து நிமிடக் கெடு.

அந்தக் காத்திருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் ஆயாவையும் அழைத்துக்கொண்டு திருவக்கரைக்குப் போனோம். ஆயாவுக்கு வக்கிரகாளியம்மன். எனக்கும் மாமாவுக்கும் பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்கா. 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள், மண்ணுக்குள் புதைந்து, உயிர்ப்பொருள் இருந்த இடத்தில் சிலிக்கா ஏறிக் கல்லாகிப்போனவை. 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1940-லிருந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இங்கே கிடக்கும் மரங்களுக்குக் கிளையில்லை, வேரில்லை. அதனால் எங்கிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்கிறார்கள். எங்கள் பூவரசுக்கு அண்ணன்மார்! மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் ரேகையைப் பார்த்தார். “இது நல்லா காஞ்ச மரம்” என்றார். அவர் ஜோக் அடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆயாவின் சிக்குக் கோலம். ஏழு நேர்ப்புள்ளி, ஒன்றில் முடியும். முட்டி வலியால் ரெண்டு வருடமாக அவரால் குனிந்து பெரிய கோலம் போட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து கொடுத்தார். கை எடுக்காமல், ஒரே மூச்சில்.

மரத்தில் வெட்ட உட்கார்ந்தபோதுதான் கோலத்தின் சூட்சுமம் தெரிந்தது. கோட்டின் மேல் வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் கழன்று விழுந்துவிடும். அதனால் கோட்டை விட்டுவிட்டு, கோடு வளைத்துப் பிடித்திருக்கும் இடங்களை மட்டும் எடுக்க வேண்டும். 25 புள்ளிக்கு 25 கண். நான்கு புள்ளிகளுக்கு நடுவே வரும் சந்துகள் 12. மொத்தம் 37. ஒவ்வொன்றிலும் முதலில் டிரில்லில் சின்ன ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி, ஓட்டை வழியாக நுழைத்து, மறுபடி மாட்டி முறுக்க வேண்டும். முறுக்கு சரியா என்று பார்க்க பிளேடை விரலால் சுண்டுவேன். தந்தி மாதிரி ‘டிங்’ என்று கேட்க வேண்டும். சத்தம் தொளதொளவென்று இருந்தால் வெட்டும் கோணிக்கொள்ளும். கோலத்தாளை ஒட்டும்போது மேலே பேக்கிங் டேப் ஒரு அடுக்கு ஒட்டிவிட்டால் கெட்டி மரம் கருகாது. இதெல்லாம் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும்.

பழகினாலும் வராத ஒன்றை மாமாதான் சொன்னார். அரை இன்ச் பலகையை கால் இன்ச்சுக்கு இழைத்துக் கொடுத்துவிட்டு, தாளை நான் எப்படி ஒட்டப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். மரம் ரேகை ஓடும் திசையில்தான் பலம். ரேகைக்குக் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு விட்டால் பிஸ்கட் மாதிரி உடையும். “புள்ளி வரிசை ரேகையோட ஓடட்டும். கோடு எல்லாம் சாஞ்சுதான் போவுது. எதுவும் முழுசா குறுக்க நிக்காது” என்றார். உண்மைதான். சிக்குக் கோலத்தில் கோடுகள் புள்ளிகளுக்கு நடுவே மூலைவாட்டில்தான் பின்னிக்கொண்டு போகும். அறுபது வருடமாக ஆயா போடுகிற கோலம். நாற்பது வருடமாக மாமா பார்க்கிற ரேகை. ரெண்டும் என் மெஷின் மேல் சந்தித்துக்கொண்டன.

ஐப்பசி, கார்த்திகை ஞாயிறுகள் வெட்டுவதில் போயின. அதற்கப்புறம் உப்புத்தாள். 120, 180, 220 என்று நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். 37 ஓட்டைக்குள்ளும் போக, உப்புத்தாளை ஊதுபத்திக் குச்சியில் சுற்றி ஒட்டிக்கொண்டேன். கடைசித் தாளுக்கு முன்னால் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் படுத்திருக்கும் நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்ததும் அவற்றைத் தேய்த்து எடுத்தால் அப்புறம் வழவழப்பு மாறாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. மாமாவுக்குப் பல வருடமாக வறட்டு இருமல். வாயில் துண்டுகூடக் கட்டியதில்லை. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். “கொரோனாதான் போயிடுச்சே பாப்பா” என்றார். இப்போது போட்டுக்கொள்கிறார், நான் இருக்கும்போது.

ஃபினிஷிங்குக்கு வந்தபோது ஒரு ஆச்சர்யம். மாமாவுக்கு அது தெரியாது! தச்சர் மரத்தை இழைத்துக் கொடுப்பதோடு சரி. பாலிஷ் போடுபவர் வேறு ஆள், அதற்கு வேறு கூலி. நாற்பது வருடத்தில் எத்தனை கதவு செய்திருப்பார்! நிலை வைக்கும் நாளில் மஞ்சள் குங்குமம் வைத்து, வேட்டி துண்டு கொடுப்பார்கள். அதோடு அவர் வேலை முடிந்தது. அந்தக் கதவு பளபளப்பாக நிற்பதைப் பார்க்க யாரும் அவரை மறுபடி கூப்பிடுவதில்லை.

அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சால் இழுக்கும் பாலிஷ்தான் அவர் பார்த்தது. மழைக்கால ஈரத்தில் அது வெள்ளை பூக்கும். அதனால் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய் என்று முடிவு செய்தோம். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்பதைத் துடைத்து, ஒரு நாளாவது காயவிட்டு மறுபடி. துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

முதல் கை எண்ணெயை மாமாதான் தடவினார். அதுவரை மங்கலாக, சாக்பீஸ் தூள் படிந்த மாதிரி இருந்த பலகை, துணி போன வழியெல்லாம் வெல்லப்பாகு நிறத்துக்கு மாறியது. உள்ளே இருந்த ரேகையெல்லாம் எழுந்து வந்தது. மாமா துணியை வைத்துவிட்டு, அந்தப் பாதி விரலாலேயே தடவிப் பார்த்தார். “இவ்ளோ நாள் இதெல்லாம் உள்ளதான் இருந்துதா?”

போட்டோவைப் பார்த்து ஆபீஸ் தோழி ‘எனக்கும் ஒண்ணு வேணும், எவ்வளவு?’ என்று கேட்டாள். மாமாவிடம் கணக்குக் கேட்டேன். மொத்தம் 26 மணி நேரம். அவர் நாள் கூலிக்குப் போட்டால் மரம் இல்லாமலே மூவாயிரத்தைத் தாண்டியது. ஆன்லைனில் லேசரில் வெட்டிய எம்.டி.எஃப் கோலம் சில நூறு ரூபாய். அதை அவரிடம் காட்டினேன். போனைக் கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கோடு சுத்தமாத்தான் இருக்கு” என்றார். அப்புறம், “ரெடிமேட் கதவு வந்தப்புறம் எனக்கும் மாசத்துல பாதி நாள்தான் வேலை. இன்னும் பத்து வருஷத்துல என் வேலையும் ஹாபிதான், இல்ல?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப்போலக் கேட்டார். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019-ல் பிரிந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூருக்குக் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் சாமி சிலைக்குக் கிடைக்கிற பெயர் சாதாரண வீட்டுக் கதவுக்குக் கிடைக்காது. நான் ஆசைக்குச் செலவழித்த 26 மணி நேரம் அவருக்கு மூன்று நாள் சோறு. ‘ஹாபி’ என்ற வார்த்தையை அவர் முன்னால் சொல்லும்போது இப்போது கொஞ்சம் யோசிக்கிறேன். பதில் எதுவும் சொல்லவில்லை. எங்கள் டெஸ்க்கிலும் இதே கேள்வி வேறு ரூபத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லவில்லை.

தோழிக்கு விற்கவில்லை. கோலம் ஆயா வீட்டு வாசல் பக்கச் சுவரில், பூவரசு நின்ற இடத்துக்கு எதிரே தொங்குகிறது. மார்கழி முதல் தேதி மாட்டினோம். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டை விரலால் தொடர்ந்தார், எங்கேயும் அறுபடாமல் ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேர்கிறதா என்று.

“வாசல்ல போட்டா எறும்பாவது திங்கும். இதை எது திங்கும்?”

“கரையான்” என்றார் மாமா.

ஆயா சிரித்து அடங்க நேரமானது. பிறகு, மீதிப் பலகையில் உட்கார ஒரு மணை வேண்டும் என்றார். ஒன்றரை இன்ச் பலகைதான் அதற்குச் சரி. அது இன்னும் காயவில்லை. ஆயாவுக்கு வயது 81. “காயிற வரைக்கும் நான் இருக்கணுமேடா” என்றார் மகனிடம்.

மாமா அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவி, பென்சில் தேதியைப் பார்த்து, விரல் முட்டியால் ரெண்டு இடத்தில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

“ஆடிக் காத்து ஒண்ணு அடிக்கட்டும்” என்றார்.